சாரத்திலிருந்து புறப்பட்ட தண்ணீர் டேங்க்

அரசு வாங்கிய ஒரு பொருள், வாங்கிய காரியத்துக்கு உதவாமல் போனால் அதைப் பயனற்றது என்று முறையாக அறிவிக்க வேண்டும். அறிவித்தபின் ஏலத்தில் விட வேண்டும். அதுவரை அது யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர் அதைத் தொடாமல், திருத்தாமல், பத்திரமாக வைத்திருக்க வேண்டும். விதி இவ்வளவுதான். எண்ணையும் உட்பிரிவையும் சொல்லி உங்களைப் பயமுறுத்த விரும்பவில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

இந்த விதியை மீறியவர்களை என் பணிக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். கால் உடைந்த அரசு நாற்காலியை வீட்டு மாடியில் போட்டு அதன்மேல் ரோஜாத் தொட்டி வைத்தவர் ஒருவர். ஓடாத ஜீப்பில் கோழி வளர்த்தவர் இன்னொருவர். அந்த ஜீப்பை ஏலம் விட்டபோது ஸ்டியரிங் அடியில் நாலு முட்டை இருந்தது. ஆனால் இவர்களெல்லாம் பூமியில் இருந்துகொண்டே மீறியவர்கள். அரசுக்குச் சொந்தமான தண்ணீர் டேங்க் ஒன்றை, எந்த அனுமதியும் இல்லாமல், தினமும் விண்வெளிக்கு அனுப்பித் திரும்ப இறக்கிய ஒரே அரசு ஊழியர், எனக்குத் தெரிந்து இந்தியாவிலேயே, எங்கள் தெரு பால்வாடியின் கவுண்ட்டவுன் டீச்சர்தான்.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். பெயர் இல்லாமல் சம்பளப் பட்டியலில் ஏற்ற முடியாது. ஆனால் எங்கள் சாரம் பகுதியில் யாருக்கும் அது தெரியாது. பாகூர் பக்கம் விவசாயக் குடும்பம். தினமும் காலையில் பஸ் பிடித்து வருவார். வயலில் கிளி விரட்டிப் பழகிய குரல். அந்தக் குரலை நாலு சுவருக்குள் வைத்துப் பாடம் நடத்தினால் சுவர் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பால்வாடிக்கு நேர் எதிர்வீடு என்னுடையது. இப்போது அவர் மாற்றலாகி இதே ஊரில் கதிர்காமம் பக்கம் போய்விட்டார். தெருவில் ஒரு சத்தமும் இல்லை. ஓய்வு பெற்றபோது நான் ஆசைப்பட்டது இந்த அமைதிக்குத்தான்.

கதை இப்படித் தொடங்கியது. பால்வாடி மொட்டைமாடியில் இருந்த கறுப்பு பிளாஸ்டிக் டேங்க் அடியில் விரிசல் விட்டது. புது டேங்க் வந்தது. பழையதை இறக்கி முற்றத்தில் முருங்கை மரத்தடியில் படுக்கப் போட்டுவிட்டு, "எடுத்துப்போக ஆள் வரும்" என்று சொல்லிப் போனார்கள். இந்த வாக்கியத்தை நானே பலமுறை சொல்லியிருப்பதால் அதன் பொருள் எனக்குத் தெரியும். ஆள் வராது.

ஒரு நாள் பிள்ளைகள் நாலு பேர் டேங்க்குக்குள் புகுந்துகொண்டார்கள். பால்வாடி உதவியாளர் அஞ்சலை, "உள்ள பூரான் கீரான் இருக்கப் போவுது, வெளிய வாங்கடா!" என்று கத்தினார். டீச்சர் குனிந்து உள்ளே தலையை நீட்டினார்.

"எங்கடா போறீங்க?"

"நெலாவுக்கு."

வேறு யாராக இருந்தாலும், "சரி, போய்ட்டு வந்து சுண்டல் சாப்பிடுங்க" என்றிருப்பார்கள். இவர் விடவில்லை. "எப்பிடிப் போவீங்க? இதுக்குச் சக்கரமே இல்லியே?"

உள்ளே சற்று நேரம் ஆலோசனை நடந்தது. பிறகு ஒரு குரல் வந்தது: "மேல போறதுக்கு எதுக்கு டீச்சர் சக்கரம்?"

"அங்கியே மடங்கிட்டேன் சார்" என்று பின்னாளில் என்னிடம் சொன்னார்.

ராக்கெட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். "டிவியில பாத்திருக்கேன் சார். தலைகீழா எண்ணுவாங்க, அப்பறம் பொகை வரும். இந்த ரெண்டுதான் எனக்குத் தெரியும்." எண்ணுவது சுலபம். புகைக்கு அஞ்சலை வீட்டிலிருந்து சாம்பிராணித் தட்டு கொண்டுவந்தார். டேங்க்கின் வாயருகே அதைக் காட்டியதும், பயணிகள் அனைவரும் இருமிக்கொண்டே, கிளம்புவதற்கு முன்பே தரையிறங்கினார்கள். "இன்னிக்கி வானிலை சரியில்ல" என்று டீச்சர் பயணத்தை ஒத்திவைத்தார். மறுநாள் முதல் புகை கிடையாது. பிள்ளைகளே வாயால் "புஸ்ஸ்ஸ்" என்று விட்டுக்கொள்ள வேண்டும்.

எண்ணிக்கைதான் ஊரைப் பிடித்தது. பத்து, ஒம்போது, எட்டு என்று இறங்கி "சைபர்!" என்று வெடிக்கும் அந்தக் கூச்சலுக்கு என் வீட்டு ஜன்னல் கதவுகள் அதிரும். பக்கத்து வீட்டில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு எங்கள் ஊரில் அந்தப் பெயர். இந்தச் சத்தம் தாங்காமல் சண்டை போட பால்வாடிக்குப் போனார். போனவர் திரும்பவில்லை. மறுநாள் பிள்ளைகள் "தீஸ், நெஃப், உய்த்" என்று பிரெஞ்சில் எண்ண, அவர் டேங்க் பக்கத்தில் விறைப்பாக நின்று உச்சரிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார்.

பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் எண்ண ஆரம்பித்தார்கள். இட்லியை வாயில் போடுமுன் எண்ணினார்கள். தலையில் தண்ணீர் ஊற்றுமுன் எண்ணினார்கள். ஒரு பையனைத் தனியார் பள்ளியில் சேர்க்க அழைத்துப் போனபோது, "ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் சொல்லு கண்ணு" என்றாராம் அங்கிருந்த மிஸ். "எனக்குப் பத்துலேர்ந்துதான் தெரியும்" என்று சொல்லி, தலைகீழாக எண்ணி, சைபர் வந்ததும் நாற்காலியிலிருந்து மிஸ்ஸின் மேஜைமேல் தாவிவிட்டான். இடம் கிடைக்கவில்லை.

அவன் அம்மா பால்வாடி வாசலில் வந்து நின்று கத்தியது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. "இன்னா டீச்சர் இது? ஊரு உலகத்துல புள்ளைங்க ஒண்ணு ரெண்டுன்னு போவுது. எம்புள்ள மட்டும் பின்னாலயே வருது!"

டீச்சர் சற்று யோசித்தார். "கரெக்ட்தாம்மா. ஏத்திவுட்டனே தவுர எறக்கறதப் பத்தி யோசிக்கல." அன்றிலிருந்து கிளம்பும்போது பத்திலிருந்து சைபர், இறங்கும்போது ஒன்றிலிருந்து பத்து. என் அமைதி இரண்டு மடங்காகக் கெட்டது.

இறங்கியவர்களிடம் ஒரு கேள்வி கட்டாயம் உண்டு: "இன்னா பாத்தீங்க?" என்ன சொன்னாலும் டீச்சர் ஒப்புக்கொள்வார். ஆனால் பின்னாலேயே இன்னொரு கேள்வி வரும். ஒரு நாள் ஒரு பெண், மாடு பார்த்தேன் என்றாள்.

"மாடா? அங்க தரையே இல்லியே. எப்பிடி நின்னுச்சி?"

"நிக்கல டீச்சர். மெதந்துச்சி."

"அப்ப பால் கறந்தா?"

பால் கீழே விழும், மேலே போகும், மாட்டையே சுற்றிச் சுற்றி வரும் என்று மூன்று கட்சிகள் உருவாயின. தீர்ப்பு வராமலே மணி அடித்துவிட்டது. அன்று மாலை எங்கள் தெருவில் பல வீடுகளில் பால் டம்ளர்கள் கவிழ்க்கப்பட்டன. மறுநாள் காலை தாய்மார்கள் திரண்டு வந்தார்கள். டீச்சர் அவர்களைப் பார்க்கவே இல்லை, பையன்களைப் பார்த்தார்.

"வுழுந்துச்சாடா?"

"கீழதான் டீச்சர் வுழுந்துச்சி. பாய் பூரா."

"அப்ப உங்க வீடு எங்க இருக்குது?"

"பூமியில!"

"பாத்தீங்களாம்மா, பாடம் முடிஞ்சிடுச்சி. இனிமே தண்ணியில செஞ்சி பாக்கச் சொல்றேன்."

இந்த அளவோடு நின்றிருந்தால் எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் டேங்க்குக்குள் இருட்டு. "நெலா வந்துடுச்சா இல்லியான்னு எப்பிடித் தெரியும் டீச்சர்?" என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. டீச்சர் ஒரு பிளம்பரைக் கூப்பிட்டு, டேங்க்கின் பக்கவாட்டில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டமாக அறுத்து ஜன்னல் வைத்துவிட்டார்.

அந்த ஜன்னல் வழியாகத் தெரிந்தது ஒரே ஒரு காட்சி: என் வீட்டு வராந்தாவும், அதில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் நானும். ஆகவே பூமி என்றால் நான்.

"பூமி தெரியுது! பூமி தெரியுது!"

"பூமி இன்னா பண்ணுது?" என்பார் டீச்சர் வெளியிலிருந்து.

"பேப்பர் படிக்குது!"

"பூமி காது கொடையுது!"

முப்பது வருடம் கண்காணிப்பாளராக இருந்து மற்றவர்களைக் கண்காணித்தவன் நான். ஒரு நாள் பொறுக்க முடியாமல் எழுந்து போனேன். "டீச்சர், எந்த வண்டி கெளம்பினாலும் ஒருத்தர் அனுமதி குடுக்கணும். இதுக்கு யார் அனுமதி குடுக்கறது?" என்று கேட்டேன். அவரை மடக்குவதுதான் என் நோக்கம். அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"சூப்ரண்டு சார் கேக்கறாரு. யாரு பர்மிசன் குடுக்கணும்?"

"பூமி!" என்று ஒரே குரலில் பதில் வந்தது.

அதன்பின் நான் வராந்தாவிலிருந்து கையைத் தூக்கினால்தான் எண்ணிக்கை தொடங்கும். கை தூக்காமல் பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தால், "பூமி, கைய்யி!" என்று தெருவே கேட்கக் கத்துவார்கள். ஓய்வு பெற்றவனுக்கு மறுநியமனம் தருவதற்கு எவ்வளவோ நடைமுறை இருக்கிறது. இங்கே ஒன்றும் பின்பற்றப்படவில்லை.

பிறகு வந்தது ஆண்டுச் சரிபார்ப்பு. துறையின் ஸ்டோர் கீப்பர் வந்து பார்த்தார். கணக்கில் ஒரு டேங்க், இடத்தில் இரண்டு. வெளி ஆட்களுக்கு இது புரியாது. அரசில் ஒரு பொருள் குறைந்தால் திருட்டு என்று சொல்லி முடித்துவிடலாம்; கூடிவிட்டால் என்ன சொல்வது என்று யாருக்கும் தெரியாது. போதாக்குறைக்கு அதில் ஓட்டை. டீச்சருக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. டேங்க்கை ஏன் திருப்பி அனுப்பவில்லை, அரசுச் சொத்தை ஏன் சேதப்படுத்தினீர், ஊதிய உயர்வை ஏன் நிறுத்தக் கூடாது. டேங்க்கை ஏலத்துக்கு எடுத்துப்போக வண்டி வரும் என்றும் அதில் இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். நானும் உட்கார்ந்து பதில் எழுதினேன். 'மேற்படி டேங்க் வெயிலிலும் மழையிலும் கிடந்து தானாகவே சேதமடைந்துள்ளது.' யாரும் எதையும் செய்யவில்லை, எல்லாம் தானாக நடந்தது. அரசு மொழியில் இதைவிட உயர்ந்த வாக்கியம் கிடையாது. டீச்சர் படித்துப் பார்த்தார்.

"தானாவே வட்டமா ஓட்டை வுழுமா சார்?"

"விழும் டீச்சர். பேப்பர்ல விழும்."

"அது ஓட்டை இல்ல சார். ஜன்னல்."

"ஜன்னல்னு எழுதினா நீங்க வெச்சதா ஆயிடும்."

"நான்தான வெச்சேன்?"

"இதோ பாருங்க. நான் எழுதினபடி குடுத்தா உங்க இன்கிரிமென்ட் தப்பிச்சிடும். டேங்க் ஏலத்துக்குப் போயிடும், அவ்வளவுதான்."

"அப்ப பசங்க எதுல போவாங்க?"

"எங்க?"

கடற்கரைச் சாலையில் நின்றுகொண்டு கடல் எங்கே என்று கேட்பவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "மேலதான் சார்."

நான் வடித்த வாக்கியத்தை அடித்துவிட்டு, 'ஜன்னல் வைத்தது நான். பிள்ளைகளுக்கு வெளியே தெரிவதற்காக' என்று தன் கையெழுத்தில் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. மறுநாள் நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்தேன். சுண்டல் நேரம் முடிந்ததும் எதிரில் பெரிய அலறல். பூமியைக் காணவில்லை. பூமி இல்லாமல் எப்படிக் கிளம்புவது, கிளம்பினால் எங்கே இறங்குவது என்று விவாதம் முற்றி, கடைசியில் மூக்கு ஒழுகும் தூதுக்குழு ஒன்று அஞ்சலையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு என் கேட்டுக்கு வந்தது. "சார், வெளிய வந்து ஒக்காருங்க சார். ரெண்டு பேரு அழுவுதுங்க" என்றார் அஞ்சலை.

வெளியே வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்தில் யோசித்தேன். உதவாத பொருளை அதே துறையில் வேறு காரியத்துக்குப் பயன்படுத்தலாம். தலைமை அலுவலகத்தின் எழுத்துமூலமான அனுமதி வேண்டும். பலரும் மறந்துபோன வழி. விண்ணப்பம் எழுதினேன். 'என்ன காரியம்?' என்ற இடத்தில் நான் 'விளையாட்டுச் சாதனம்' என்று எழுதப் போக, டீச்சர் 'விண்கலம்' என்றுதான் எழுத வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். இந்த முறை நான் சண்டை போடவில்லை.

பதில் வரவில்லை. நினைவூட்டல் அனுப்பினோம். நினைவூட்டலுக்கு நினைவூட்டல் அனுப்பினோம். கோடை விடுமுறை வந்து போனது.

"இன்னும் எத்தினி நாள் சார் ஆவும்?" என்று கேட்டார்.

"டீச்சர், இந்த ஊரையே பிரெஞ்சுக்காரங்க நம்ம கையில ஐம்பத்து நாலுல குடுத்துட்டு, சட்டப்படி பேப்பரை அறுபத்து ரெண்டுலதான் குடுத்தாங்க. அதனாலதான் நமக்கு மட்டும் ஊரைக் குடுத்த நவம்பர் ஒண்ணுக்கு ஒரு லீவு, பேப்பர் குடுத்த ஆகஸ்டு பதினாறுக்கு ஒரு லீவு. ஊருக்கே எட்டு வருஷம் ஆச்சு. டேங்க்குக்கு என்ன அவசரம்?"

"அதுக்குள்ள இதுங்க காலேஜி போயிடும் சார்."

பதிலுக்கு முன் வண்டி வந்துவிட்டது. ஒரு முற்பகலில் சின்ன லாரி பால்வாடி வாசலில் நின்றது. அதே ஸ்டோர் கீப்பர் இறங்கினார். முன்பு என் பிரிவில் எழுத்தராக இருந்தவர். ஒரு கமா இடம் மாறியிருந்தாலும் கோப்பைத் திருப்பி அனுப்புகிறவன் என்று என்னை நன்றாக அறிந்தவர். அவர் வந்த நேரம், டேங்க் கிளம்பிச் சற்று நேரம் ஆகியிருந்தது. டீச்சர் வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"டேங்க்க எடுக்கணும்மா."

"இப்ப எடுக்க முடியாது சார். வண்டி இங்க இல்ல."

"இதோ கெடக்குதே!"

"உங்களுக்கு அப்பிடித் தெரியுது. அது நெலாவுக்குப் பக்கத்துல இருக்குது. உள்ள ஆறு பேரு இருக்காங்க, நடுவுல எறக்க முடியாது."

ஸ்டோர் கீப்பர் அவரைப் பார்த்தார். டேங்க்கைப் பார்த்தார். பிறகு, இந்த உலகத்தில் தன்னைக் காப்பாற்ற மிச்சமிருக்கும் ஒரே மனிதரைத் தேடுவதுபோல எதிர்வீட்டு வராந்தாவைப் பார்த்தார்.

"அய்யா! நீங்களே சொல்லுங்கய்யா!"

ஜன்னல் வழியாக ஆறு தலைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. டீச்சர் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து, புடவைத் தலைப்பின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். அந்தக் குரல் இல்லாமல் அவரை நான் பார்த்தது அன்றுதான். பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து நின்றேன்.

"விதிப்படி, பார்வையிடப் போற நேரத்துல பொருள் பணியில வெளியே போயிருந்தா, 'நேரில் சரிபார்க்க இயலவில்லை' என்று எழுதிட்டு வேறு தேதி போடணும். எடுத்துப் போகக் கூடாது."

"அய்யா, வெளிய போயிருந்தாத்தானேய்யா?"

"அவங்க சொல்றாங்களே. பொறுப்பில் இருக்கிறவங்க சொல்றதைத்தான் எழுதணும். நீங்க வேறு என்ன ஆதாரம் வெச்சிருக்கீங்க?"

விதி தெரியாதவரோடு வாதாடலாம். தெரிந்தவரோடு முடியாது என்பதை அவர் என்னிடம்தான் படித்தார். சுவர் ஓரமாக உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணி டேங்க் இறங்கியது. உள்ளேயிருந்து ஒரு சிறுமி ஸ்டோர் கீப்பரைப் பார்த்துத் தலையை நீட்டினாள்.

"மாமா, நீ வரியா? இடம் இருக்குது. செருப்பக் கழட்டிட்டு வரணும்."

"போங்க சார். சும்மாதான ஒக்காந்திருக்கீங்க" என்றார் டீச்சர்.

ஒரு அரசு அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டு, பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, தண்ணீர் டேங்க்குக்குள் தவழ்ந்து போவதை நான் பார்த்தேன். கையைத் தூக்கினேன். எண்ணினார்கள். உள்ளே நடந்தது எனக்குத் தெரியாது. வெளியே வந்தபோது அவர் தலையில் முருங்கைப் பூ ஒட்டியிருந்தது. டீச்சர் சட்டப்படி கேட்டார்.

"இன்னா பாத்தீங்க?"

அவர் நிஜமாகவே யோசித்தார். "எங்க ஆபீஸ். மேலேர்ந்து பாத்தா ரொம்பச் சின்னதா இருந்துச்சிம்மா."

"சின்னதா இருந்தா, உள்ள இருக்கிற ஃபைலு எம்மாம் பெருசு இருக்கும்?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். லாரி காலியாகத் திரும்பியது.

அதன்பின் ஒரு விடுமுறை நாள். பால்வாடி பூட்டியிருக்க வேண்டும். ஆனால் டீச்சர் வந்திருந்தார். ராத்திரி மழையில் டேங்க்குக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதாம், துடைக்க வேண்டுமாம். பாகூரிலிருந்து அதற்காக பஸ் ஏறி வந்திருக்கிறார். நான் வராந்தாவில் இருந்தேன். ஸ்கூட்டரில் ஸ்டோர் கீப்பர் வந்து இறங்கி, ஓர் உறையை டீச்சரிடம் கொடுத்தார். டீச்சர் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உரக்கப் படித்தார், தெருவுக்கே கேட்டது. விளக்கம் ஏற்கப்படுகிறது. டேங்க்கை 'விண்கலம் – ஒன்று' எனப் பயன்படுத்திக்கொள்ள அனுமதிக்கப்படுகிறது. ஜன்னலின் விளிம்பு குழந்தைகளின் கையைக் கிழிக்காதவாறு பராமரிக்கப்பட வேண்டும்.

"ஜன்னல்னே போட்டிருக்காங்க சார்!" என்று கத்தினார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. "டீச்சர், நீங்க ஒரு தடவையாவது போயிருக்கீங்களா?"

"நான் எங்க சார் போறது? வெளிய நின்னு எண்றதுக்கு ஆள் வேணாமா?"

"இவர் எண்ணுவார். ஏறுங்க."

வெட்கப்பட்டார். தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தப் பெரிய உடம்பைச் சுருக்கிக்கொண்டு உள்ளே போனார். நான் கையைத் தூக்கினேன். ஸ்டோர் கீப்பர், முதலில் கூச்சத்தோடும் பிறகு கொஞ்சம் அதிகமான சத்தத்தோடும், பத்திலிருந்து சைபர் வரை எண்ணி முடித்தார்.

"பூமி தெரியுதா டீச்சர்?" என்று நானே கேட்டேன்.

"தெரியுது சார்" என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது. கிளி விரட்டும் குரல் இல்லை, வேறு குரல். "இன்னிக்கி பேப்பர் படிக்கல. என்னியத்தான் பாத்துகினு நிக்குது."

விடுமுறை நாளான அன்றைய தேதியே போட்டுக் கையெழுத்திட்ட அந்த உத்தரவு செல்லுமா என்று அவர்கள் இருவரும் என்னைக் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அன்று தேதி ஆகஸ்டு பதினாறு.